ஆயில் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மனிதர்

மணிமங்கலம் ஏரிக்கரையில் நீங்கள் கைப்பிடி சுற்றிக் கிளப்பும் ஆயில் எஞ்சினுக்கும், காசிமேட்டு விசைப்படகின் எஞ்சினுக்கும் மூலவர் ஒருவரே. ருடால்ஃப் டீசல். எரிபொருளுக்கு வந்தது அவர் பெயர்தான்.

1858-இல் பாரீசில் பிறந்த ஜெர்மானியர். மியூனிக்கில் படித்தவருக்கு, நீராவி எஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குவது உறுத்தியது. சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக அழுத்தினால் அதுவே கடுஞ்சூடாகும்; அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றும் என்று கணக்கிட்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அதேதான். 1893-இல் செய்த முதல் எஞ்சின் சரியாக ஓடவில்லை. 1897-இல்தான் வென்றார்.

ஆகவே எஞ்சின் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைத் தேடாதீர்கள்; இதில் அது கிடையாது. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கடலில் நின்றுபோன படகுக்கும் இதே சோதனைதான்.

1900 பாரீஸ் கண்காட்சியில் இவர் வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அதற்காக நீங்கள் செக்கு எண்ணெயை அப்படியே ஊற்றிவிடாதீர்கள், நாசில் அடைத்துக்கொள்ளும்.

1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் எஞ்சினில் பாங்காக் வரை போனது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 29 இரவு, கடனில் மூழ்கியிருந்த டீசல் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் இருந்தார். காலையில் அறை காலி. பிறகு கடலில் மிதந்த ஓர் உடலிலிருந்து எடுத்த பொருட்களை அவர் மகன் அடையாளம் காட்டினார்.