நாவலர் பெருமானும் பிடியரிசியும்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களைப் பற்றிச் சைவ இளைஞர் மலர்களிலே ஒரு கட்டுரையேனும் வராத ஆண்டு இல்லை எனலாம். அவர் இயற்றிய பாலபாடங்கள், பதிப்பித்த நூல்கள், செய்த பிரசங்கங்கள், நடத்திய கண்டனப் போர்கள் ஆகிய அனைத்தையும் பெரியோர் பலர் நன்கு எடுத்துரைத்திருக்கின்றனர். அவற்றைத் திரும்ப எழுத நமக்குத் தகுதியும் இல்லை, இடமும் இல்லை. இத்தனைக்கும் வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது, பிறரிடம் பொருள் கேட்கும் வித்தையை அவர் எங்கே பயின்றார் என்னும் வினாவை மாத்திரம் கையிற் கொண்டு அவர் சரித்திரத்தைச் சொல்லப் புகுகின்றோம்.

இவ்வினா நமக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் படலை படலையாகச் சென்று நிற்பவர்கள் நாமே. படலையைத் திறக்குமுன் நா வறண்டு விடும். யார் முதலிற் பேசுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஊரவர் ஒருவருக்குத் தொலைபேசியிற் சொன்னால் ஒரே இரவில் முடியும் காரியத்துக்கு ஏன் இந்த அலைச்சல் என்று கேட்கும் பெரியோரும் உளர். ஆனால் மேல்நாட்டார் இதனை ஒரு தொழிற்கல்வியாகவே வகுத்து விட்டனர். அமெரிக்காவிலே ஹென்றி ரொசோ என்பவர் 1974 இல் தருமப் பணிகளுக்கு நிதி திரட்டுவோரைப் பயிற்றுவதற்கென்றே ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அது 1987 முதல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்து வருகின்றது. நூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நல்லூரிலிருந்த ஓர் இளைஞர்க்கு அப்படி ஒரு கல்விக்கூடம் இருந்ததா? இருந்தது என்பதே நமது எண்ணம்.

நாவலர் 1822 ஆம் ஆண்டு மார்கழி 18 ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசிப் புதல்வராய்த் தோன்றினார். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். தந்தையார் முற்றாது விட்டுச் சென்ற நாடகமொன்றை அச்சிறு வயதிலேயே பாடி முடித்தார் என்பர். சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்பதற்கு யாழ்ப்பாணம் வெசுலியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அப்பாடசாலைத் தலைவர் பேதுரு பேர்சிவல் பாதிரியார். படித்து முடித்ததும் 1841 அளவில் அங்கேயே உபாத்தியாயராக அமர்ந்து, பாதிரியாருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணையாயிருந்தார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்றதும், மகாலிங்க ஐயர் அதனை மெச்சியதும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாவரும் கேட்ட கதைகள்.

மிஷன் பாடசாலையில் அவர் கண்டவை புத்தகங்கள் மாத்திரமல்ல. ஒரு சமயம் தன்னை எவ்வாறு பொருளாலே தாங்கிக் கொள்கின்றது என்பதை அவர் தினந்தோறும் அருகிருந்து கண்டார். வெசுலி சபையாரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. 1742 இல் பிரிஸ்டல் நகரத்துப் பிரார்த்தனை மண்டபத்தின் கடனைத் தீர்ப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று அதனைச் சேர்த்தார். கொடுக்க இயலாதவருடைய பென்னியைத் தலைவரே தம் மடியிலிருந்து போட்டார். கடன் தீர்க்கப் போனவர்கள் வீட்டு நிலைமைகளையும் அறிந்து வந்தபடியால், அக்குழுக்களே பின்பு சபையின் முதுகெலும்பாயின.

வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனாரோ வேறொரு வழியைக் கையாண்டார்கள். கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கனவான் இங்குள்ள ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக் கொண்டால், அப்பிள்ளைக்கு அக்கனவானின் பெயரே சூட்டப்படும். யாழ்ப்பாணத்துப் பழைய பெயர் இடாப்புகளிலே நம் தமிழ்ப் பிள்ளைகள் அமெரிக்கப் பெயர்களோடு காட்சியளிப்பதன் மருமம் இதுதான். கொடுத்தவரையும் பெற்றவரையும் பெயராலே கட்டிப் போட்ட அந்தச் சாமர்த்தியத்தை வியவாதிருக்க முடியாது. பெற்ற தாய் வைத்த பெயர் எங்கே போயிற்று என்று வருந்தாதிருக்கவும் முடியாது.

நாமும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்களே. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரும்போது வெறுங்கையை அதற்குள் விட்டு எடுத்த நாட்களும் உண்டு என்பதை இங்கே ஒப்புக் கொள்கின்றோம். அந்தப் பை ஒரு கிழமையேனும் வாராமல் விட்டதில்லை என்பதே இப்போது நினைவில் நிற்கின்றது.

நாவலர் பணம் கேட்குமுன் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். 1847 மார்கழி 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது தொடக்கம் வெள்ளி தோறும் அவரும் நண்பர் கார்த்திகேச ஐயரும் பேசி வந்தனர். கிழமைக்கு ஒரு நாள், ஒரே இடம், பிழையாத நேரம். சனங்களுக்குக் காதாலே ஒன்றைக் கொடுத்த பின்னரே கையாலே ஒன்றை வாங்க எண்ணினார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டு புரட்டாதியளவில் மிஷன் உத்தியோகத்தையும் விட்டு விட்டார். பாதிரியார் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும் அவர் தங்கவில்லை. விவாகமும் செய்யவில்லை. தமக்கென ஒரு குடும்பமும் வருவாயும் இல்லாத ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, இந்தப் பணம் யார் மடிக்குப் போகின்றது என்ற ஐயம் வீட்டுக்காரருக்கு எழ இடமில்லை. நம்மைப் போன்றவர்கள் அத்தனை தூரம் துறக்க வேண்டும் என்று சொல்ல நாம் துணியோம். அவருடைய பற்றுச்சீட்டு அதுவாயிருந்தது என்று மாத்திரம் சொல்வோம்.

அன்றைய யாழ்ப்பாணத்தில் வீடுகளில் நெல் இருந்தது, காசு அரிது. ஆகவே அவர் காசைக் கேளாமல் அரிசியைக் கேட்டார். அடுப்பில் உலையேற்றும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பாத்திரத்தில் இடுவது. சேர்ந்ததை வித்தியாசாலைக்காக வந்து எடுத்துச் செல்வது. இதுவே பிடியரிசி. இதனால் எந்த வீட்டிலும் ஒருவரும் பசியோடு படுக்கப் போகவில்லை. வீட்டுத் தலைவனிடம் போய் நில்லாமல் அடுக்களையிலே நின்ற தாய்மாரை உபகாரிகளாக்கியது இம்முறை. நாள்தோறும் அரிசியை அளக்கும்போது அவர்களுக்கு வித்தியாசாலை நினைவு வந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை நூறு ரூபாய் கொடுப்பவர் மறுநாளே அதை மறந்து விடலாம். ஒரு பிடியை நாள்தோறும் எடுத்து வைப்பவரால் மறக்க முடியாது. பிரிஸ்டல் நகரத்துப் பென்னிக்கும் வண்ணார்பண்ணைப் பிடியரிசிக்கும் உள்ள உறவை வாசிப்பவர்கள் தாமே காண்பர்.

1849 இல் சதாசிவப்பிள்ளையோடு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்ற பட்டம் பெற்றார். அச்சியந்திரம் வந்ததும் வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பெரியபுராண வசனம் 1852 இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்குப் பாலபாடம் வந்தது. புத்தக விற்பனை தருமத்துக்கு ஒரு கை கொடுத்தது. எல்லாம் பிடியரிசியாலே ஆகக் கூடியவை அல்ல. இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் போன்ற பிரபுக்களின் உதவியோடு திருக்குறள் பரிமேலழகருரை 1861 இல் அச்சேறியது. சிதம்பரத்திலே 1864 இல் இன்னொரு சைவப்பிரகாச வித்தியாசாலையும் நிறுவினார். தம் நோக்கத்தை அச்சிட்ட விக்கியாபனங்களாலே நாடறியச் செய்வது அவர் வழக்கம். இரகசியமாக ஒரு செல்வரின் காதிற் கேட்பதற்கும், எல்லாரும் வாசிக்க அச்சிட்டுக் கேட்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

ஆனால் அவர் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதற்கு மதம் மாற வேண்டியதில்லை என்று காட்டும் பொருட்டு 1872 இல் வண்ணார்பண்ணையிலே ஒரு சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பணமின்றி அது மூடப்பட்டது. ஆங்கில உபாத்தியாயருக்கு மாதந்தோறும் காசாகச் சம்பளம் வேண்டும். அதை அரிசியாலே கொடுக்க முடியாது. உத்தியோகத்துக்காக ஆங்கிலம் விரும்பிய வசதியுள்ளோர்க்கு மிஷன் பாடசாலைகள் ஆயத்தமாயிருந்தன. அவர்கள் நாவலரைப் புகழ்ந்தார்கள், பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். புகழ்ச்சி சம்பளமாகாது. நம் பெரியோர் பலர் இத்தோல்வியை ஒரு வரியிற் கடந்து விடுகின்றனர். நமக்கோ அவருடைய வெற்றிகளை விட இது அதிகம் கற்பிக்கின்றது.

1876, 1877 ஆகிய ஆண்டுகளில் பஞ்சமும் பேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். செல்வரிடமும் வணிகரிடமும் சென்று கேட்டார். அரசாங்க அதிபர் துவைனம் துரையின் அசட்டையை வெளிப்படையாகவே கண்டித்தார். முப்பது ஆண்டுகளாக வீடு வீடாகக் கேட்டுப் பழகிய நாவும் காலும் இல்லாதிருந்தால், பஞ்சம் வந்த பின் கேட்கத் தொடங்கிக் கஞ்சி காய்ச்சியிருக்க முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லுதல் நம் கடமை. சாதி வேறுபாட்டை அவர் ஏற்றுக் கொண்டவர். அவருடைய சைவக் கல்வி அன்று எல்லார் பிள்ளைகளுக்கும் திறந்த வாசலாயிருக்கவில்லை. இதை எழுதுவதனாலே மனம் நோகும் பெரியோர் நம்மை மன்னிக்க. எந்தப் படலைகளில் நாம் நிற்கின்றோம், எந்தப் படலைகளைப் பார்க்காதவர் போலக் கடந்து போகின்றோம் என்று நம்மை நாமே கேட்கும்போது இதை நினையாதிருக்க முடியவில்லை.

1879 ஆடிச் சுவாதியிலே சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைக்குச் செய்த பிரசங்கமே அவருடைய கடைசிப் பிரசங்கம். அவ்வாண்டு மார்கழி 5 ஆந் திகதி சிவபதம் அடைந்தார். அவர் கண்ட கனவின் மிச்சத்தைச் சைவபரிபாலன சபை 1888 இல் தோன்றி ஏற்றுக் கொண்டது. 1890 இல் இந்துக் கல்லூரி அச்சபையின் கீழ் நிலைபெற்றது. மூடப்பட்ட ஆங்கிலப் பாடசாலைக்கு அவர் காலமாகிப் பதினொரு ஆண்டுகளின் பின்பு பணம் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

சென்ற கார்த்திகை மகத்திலே, அவருடைய குருபூசை நாளில், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்து விட்டு ஒரு சாக்கோடு மாத்திரம் தீவகத்து ஒழுங்கை ஒன்றிலே பிடியரிசி கேட்டுப் போனோம். காசு கேட்கும்போது வறளும் நா அரிசி கேட்கும்போது அவ்வளவு வறளவில்லை. பல வீடுகளிலே சிரித்தார்கள், பிடிக்குப் பதிலாகச் சுண்டு சுண்டாகப் போட்டார்கள். ஒழுங்கையின் கடைசியிலே, நாம் முன்னொருநாளும் நின்றிராத ஒரு கிடுகு வேலிப் படலையில், தனியே இருக்கும் ஓர் ஆச்சி ஒரே ஒரு பிடி அரிசியைக் கொண்டு வந்து சாக்குக்குள் இட்டார். இட்ட பின்பு, அடுத்த கிழமை எந்த நாள் வருவீர்கள், பாத்திரத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த கிழமையைப் பற்றி நாம் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்பு வெள்ளிக்கிழமை என்று சொன்னோம்.