அரசி மங்கம்மாள்

வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூரும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலமும் பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழஞ்சாலையைத் தென்மாவட்ட மக்கள் இன்றும் மங்கம்மாள் சாலை என்று வழங்குவர். சாலையும் சத்திரமும் அமைத்த அறச்செல்வியாகவே அவ்வரசியை நாடு நினைவில் கொண்டுள்ளது. பகைவர் நாற்புறமும் சூழ்ந்த காலத்தில் படைகளை இயக்கிய தலைவியும் அவரே.

மங்கம்மாள், நாயக்கர் படைத்தலைவருள் ஒருவரான லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682இல் கணவர் மறைந்தபோது உடன்கட்டை ஏறாமல், இளம்மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பருக்குத் துணைநின்றார். ஏழாண்டுகளில் மகனும் அம்மைநோய்க்கு இரையானார். கருவுற்றிருந்த மருமகள், ஆண்மகவு ஒன்றை ஈன்றபின் உயிர்நீத்தார். அக்குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் எனப் பெயரிட்டு முடிசூட்டி, 1689இல் பேரனின் சார்பில் மங்கம்மாள் ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். தலைநகர் அப்போது திருச்சிராப்பள்ளி.

வடக்கே ஔரங்கசீப்பின் படைகள் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தன. பேரரசரின் காலணியை வணங்க மறுத்து, அதனைத் தம் காலிலேயே அணிந்துகொண்டவர் முத்துவீரப்பர் என்றொரு செய்தி உண்டு. மகனின் வீரத்தை மெச்சுவோர்க்குத் தாயின் செயல் பணிவாகத் தோன்றக்கூடும். மங்கம்மாள் முகலாயர்க்குத் திறை செலுத்தினார். அவர்தம் துணையால், தஞ்சை மராத்தியர் கைப்பற்றியிருந்த சில பகுதிகளை மீட்டார். முகலாயப் பெரும்படையோடு மோதியிருந்தால் மதுரை நாடு என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அம்முடிவின் கூர்மை விளங்கும்.

பணிய வேண்டாத இடத்தில் அவர் பணியவில்லை. திருவிதாங்கூர் மன்னர் இரவிவர்மர் திறை செலுத்தாததோடு, அதனைப் பெறச் சென்ற மதுரைப் படைக்கும் பேரிழப்பை விளைவித்தார். 1697இல் தளவாய் நரசப்பையரின் தலைமையில் அரசி பெரும்படையை அனுப்பினார். கடும்போருக்குப்பின் நிலுவைத் திறையுடன் அப்படை மீண்டது. 1700இல் தஞ்சை மன்னர் சாகசியின் படையினர் எல்லையூர்களைக் கொள்ளையிட்டபோதும் நரசப்பையரே சென்றார். கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நாட்டினுள் புகுந்து அவர் தாக்கவே, தஞ்சையின் அமைச்சர் பாலாஜி பண்டிதர் பெரும்பொருள் தந்து அமைதியை வேண்டினார்.

அடுத்து நிகழ்ந்ததே அரசியின் அறிவுக்குச் சிறந்த சான்று எனலாம். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணையிட்டு நீரைத் தடுத்தார். மதுரை நாட்டு வயல்களும் தஞ்சை நாட்டு வயல்களும் ஒருசேரக் காய்ந்தன. அண்மையில்தான் வாளெடுத்து மோதிய தஞ்சையுடனேயே மங்கம்மாள் கைகோத்தார். இருநாட்டுப் படைகளும் மைசூர்மீது செல்ல ஆயத்தமாயின. அதற்குள் பெருமழை பொழிந்து வெள்ளம் அணையை உடைத்துவிட்டது. போர் தேவைப்படவில்லை. எனினும், நீரின்பொருட்டுப் பழம்பகையை மறக்கத் துணிந்த அந்த உடன்பாடு, வென்ற போர்களினும் பெரிது.

1702இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின்மீது தொடுத்த போரில் அத்தெளிவு காணப்படவில்லை. மறவர் நாட்டின் வலிமை குறைத்து மதிப்பிடப்பட்டது போலும். நாயக்கர் படை தோற்றது. நரசப்பையர் களத்தில் வீழ்ந்தார். அவருக்கு நிகரான தளவாய் பின்னர் மங்கம்மாளுக்கு வாய்க்கவில்லை.

இத்தனை போர்களுக்கிடையிலும் அறப்பணிகள் தடைப்படவில்லை. சாலையோரம் மரங்கள் நிழல் தந்தன. கிணறுகளும் சத்திரங்களும் வழிச்செல்வோரின் களைப்பை நீக்கின. தாம் வைணவ, சைவக் கோயில்களைப் போற்றிய அரசி, 1701இல் திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கு நிலக்கொடை வழங்கினார். கிறித்தவத் துறவியரையும் மதித்து வரவேற்றார்.

பேரன் உரிய வயதை அடைந்தபோது அரண்மனையில் பூசல் மூண்டது. மங்கம்மாள் சிறைவைக்கப்பட்டு, உணவின்றி உயிர்துறந்தார் என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. 1706இல் ஆட்சி விஜயரங்க சொக்கநாதர் கைக்கு வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளே மதுரை நாயக்கர் அரசு நிலைத்தது. மங்கம்மாளோடு தொடர்புடைய தமுக்கம் அரண்மனையில் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.