எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை: 13 வருஷம் மாதாமாதம் தொடர் எழுதிய பாளையங்கோட்டை தமிழ் வாத்தியார் - அந்த 'எச்.ஏ.' எங்கிருந்து வந்தது?

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால் ஜங்ஷனுக்கு நடுவில் வருவது தாமிரபரணியும் அதன் மேல் சுலோச்சன முதலியார் பாலமும்தான். இன்று இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். 1843-ல் அந்தப் பாலம் திறக்கும் வரை அக்கரைக்கும் இக்கரைக்கும் படகுதான் வழி. மழைக்காலம் என்றால் அதுவும் நிச்சயம் இல்லை.

பாலம் திறந்தபோது தச்சநல்லூர் பக்கத்தில் இருக்கும் கரையிருப்பு கிராமத்தில் ஒரு பையனுக்கு 16 வயது. பெயர் கிருஷ்ணபிள்ளை. அந்தப் பையன் பின்னாளில் ஆற்றின் இந்தக் கரையில், பாளையங்கோட்டையில் உட்கார்ந்து 3,766 பாடல்கள் கொண்ட ஒரு காப்பியம் எழுதினார். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக, 13 ஆண்டுகள்.

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு பாடம் வரும். ஆசிரியர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று அழைக்கப்படுபவர். இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்துவிட்டுப் பெரும்பாலோர் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பாடநூல் குறிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

இனிஷியலே ஒரு கதை

தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் அப்பா பெயர், இல்லாவிட்டால் ஊர் பெயர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இவர் 'க.ச.கிருஷ்ணபிள்ளை' என்று இருந்திருக்க வேண்டும். அப்பா சங்கர நாராயண பிள்ளை. அம்மா தெய்வநாயகி அம்மாள். ஊர் கரையிருப்பு. பிறந்தது 1827 ஏப்ரல் 23.

'எச்.ஏ.' என்பது ஹென்றி ஆல்ஃபிரட். ஞானஸ்நானத்தின்போது கிடைத்த பெயர். பழைய பெயரை அவர் தூக்கிப் போடவில்லை, புதுப் பெயரை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டார். வேதநாயகம், தேவசகாயம் என்று முழுப் பெயரையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்த காலத்தில், ஒரு கிறிஸ்தவர் கடைசி வரை 'கிருஷ்ண' என்ற பெயரோடு வாழ்ந்தது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

குடும்பம் வைணவ வேளாளர் குடும்பம். அப்பா கம்பராமாயணத்தில் ஊறியவர். வீட்டிலேயே கம்பன் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை. பிறகு திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் படித்தார். அந்தக் காலத்துப் படிப்பு என்றால் ஓலைச்சுவடி, மனப்பாடம், ஆசிரியர் வீட்டுத் திண்ணை. அச்சுப் புத்தகம் அரிது.

அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்? 1850-களில் திருநெல்வேலிச் சீமையில் சம்பளத்துக்குத் தமிழ் பண்டிதர் தேவைப்பட்டது பெரும்பாலும் மிஷன் பள்ளிகளுக்குத்தான். 1853-ல் சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. ஜி.யு.போப் தொடங்கிய கல்விச்சாலை அது. ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததில் இடையன்குடி கால்டுவெல்லுக்குப் பங்கு உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அந்த நூல் 1856-ல் வெளிவந்தது.

நெற்றியில் நாமத்தோடு மிஷன் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வைணவ வாத்தியார். அன்றைக்கு இது அதிசயமே இல்லை. பள்ளிக்குத் தேவை நல்ல தமிழ், வாத்தியாருக்குத் தேவை மாதச் சம்பளம். மதம் அவரவர் வீட்டோடு.

1858: ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவங்கள்

அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. நண்பர் தனகோடி ராஜு கிறிஸ்தவரானார். தம்பி முத்தையா பிள்ளையும் ஆனார். அண்ணன் யோசித்தார், படித்தார், விவாதித்தார். 1858-ல் சென்னைக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. குடும்பஸ்தர். வாலிபத்து அவசரத்தில் எடுத்த முடிவு என்று ஒதுக்கிவிட முடியாது.

ரயில் இல்லாத காலம். திருநெல்வேலிக்கு ரயில் வந்ததே 1876-ல்தான். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டு வண்டியிலும் நடையிலும் போய், சொந்த ஊர்க் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அந்த முடிவை நிறைவேற்றினார்.

ஏன் இது அவ்வளவு பெரிய விஷயம்? அன்றைக்கு ஒருவர் மதம் மாறினால் வீட்டில் முதலில் மாறுவது சாப்பாட்டுப் பந்தி. அடுத்தது கல்யாண சம்பந்தம். அப்புறம் சாவு. அப்பா அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் அந்தச் சடங்குக்கு உதவாதவன் ஆகிவிடுவான். கரையிருப்பு வீட்டில் அண்ணன், தம்பி இருவருமே அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

சொத்து? அதற்குச் சட்டமே போட வேண்டியிருந்தது. மதம் மாறினாலும், ஜாதியை விட்டு விலக்கினாலும் ஒருவரின் சொத்துரிமை போகாது என்று கம்பெனி அரசு 1850-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சென்னையில் அதற்குப் பலத்த எதிர்ப்பு. கணவனோ மனைவியோ மதம் மாறியதால் மற்றவர் சேர்ந்து வாழ மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு 1866-ல் தனிச் சட்டம் வந்தது. இப்படிச் சட்டம் போட வேண்டிய அளவுக்கு வீடுகள் உடைந்துகொண்டிருந்தன என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருநெல்வேலிச் சபைகளில் அதிகம் பேர் நாடார்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும். வேளாளர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் கிருஷ்ணபிள்ளை போன்றவர்களுக்குக் கோயில் மாறுவதோடு கதை முடியவில்லை. யாரோடு ஒரே வரிசையில் உட்காருவது என்பதும் சேர்ந்தே மாறியது. ஜாதியைச் சபைக்குள்ளும் சுமந்து வந்தார்கள் என்ற விமர்சனம் அன்றைய வேளாளக் கிறிஸ்தவர்கள் மேல் உண்டு. அது பொய்யும் இல்லை.

அதே 1858 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு கிறிஸ்தவரின் பிணத்தை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது என்பதில் பெரும் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்கள் பலியாயின. செத்த பிறகும் தெரு கிடைக்காத ஊர் அது. அந்த ஊர்க்காரர்தான் அதே வருஷம் 'ஹென்றி ஆல்ஃபிரட்' ஆனார்.

சென்னையில் பத்திரிகை வேலை

சென்னையில் அவருக்கு வேலை கொடுத்தவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். நாவலர் அவரிடம் வேலை பார்த்தும் சைவத்தை விடவில்லை, பிறகு மிஷனரிகளை எதிர்த்தே எழுதினார். கிருஷ்ணபிள்ளை எதிர்த்திசையில் போனார். ஒரே துரை, இரண்டு தமிழ்ப் பண்டிதர்கள், இரண்டு முடிவுகள்.

பெர்சிவல் நடத்திய 'தினவர்த்தமானி' பத்திரிகையில் கிருஷ்ணபிள்ளை துணையாசிரியர். பெயரில் 'தின' இருந்தாலும் அது வாரப் பத்திரிகை. கூடவே மாநிலக் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் பிரதி திருத்தம். குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் கையில் ஏறியிருக்க வேண்டும்.

பிறகு ஊர்ப் பக்கமே திரும்பினார். மறுபடி சாயர்புரம், அப்புறம் பாளையங்கோட்டை. சி.எம்.எஸ். கல்விச்சாலையில் தமிழ்ப் பண்டிதர் வேலை.

மாதத்துக்கு எத்தனை பாட்டு?

இங்கேதான் அந்த 13 வருஷக் கதை தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் இருந்து 'நற்போதகம்' என்ற ஆன்மிக மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் 'இரட்சணிய யாத்திரிகம்' தொடராக வர ஆரம்பித்தது.

மூலக்கதை ஜான் பனியன் எழுதிய ஆங்கில நூல். மோட்சப் பயணம் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் கிடந்தவர் பனியன். புத்தகம் 1678-ல் வந்தது. ஆங்கில நாவலுக்கே அதுதான் முன்னோடி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கதை இதுதான். ஒருவன் தன் ஊர் அழியப்போகிறது என்று அறிகிறான். மனைவி, பிள்ளைகளைக் கூப்பிடுகிறான். அவர்கள் வர மறுக்கிறார்கள். அவர்கள் கூப்பிடும் குரல் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சேறு, மலை, சிறை, சந்தை எல்லாம் கடந்து, கடைசியில் ஒரு ஆற்றைத் தாண்டி வானக நகரம் சேர்கிறான். மனைவியும் நான்கு மகன்களும் பின்னால் கிளம்பி வருவதைப் பனியன் ஆறு வருஷம் கழித்து, 1684-ல்தான் இரண்டாம் பாகமாக எழுதினார்.

குடும்பத்தையும் உறவையும் தாண்டி ஒரு முடிவு எடுத்தவர் இந்தக் கதையைக் கையில் எடுத்தார் என்றால், அது வெறும் மொழிபெயர்ப்பு ஆர்வம் என்று சொல்ல முடியுமா?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 3,766 பாடல்கள், 13 ஆண்டுகள். 156 மாதம். சராசரியாக மாதத்துக்கு 24 பாட்டு. எல்லா மாதமும் ஒரே அளவு வந்திருக்காது, ஆனால் சுமை எவ்வளவு என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

24 பாட்டு என்பது கேட்கக் குறைவாக இருக்கலாம். விருத்தம் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். சீர் எண்ணிக்கை பிசகக் கூடாது. சந்தம் மாறினால் காது காட்டிக் கொடுத்துவிடும். இதற்குள் கதையும் நகர வேண்டும். பகல் முழுக்க நன்னூல் நடத்திவிட்டு வந்த மனிதர் இதைச் செய்தார். அச்சகத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஈய அச்சைக் கோப்பார்கள். பிழை திருத்த ஆசிரியரே உட்கார வேண்டும். இந்த மாதம் எழுத வரவில்லை என்று கவிஞர் சொன்னாலும் அச்சகம் காத்திருக்காது.

தொடராக வந்த காப்பியத்துக்கு ஒரு சங்கடமும் உண்டு. போன மாதம் அச்சானதை இந்த மாதம் மாற்ற முடியாது. கம்பனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அவர் பனியனை அப்படியே பின்பற்றவும் இல்லை. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று ஐந்தாகப் பிரித்தார். பனியனின் கதையில் இயேசுவின் பாடுகள் தனிக் காட்சியாக விரிவதில்லை. கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று அதை விரித்து எழுதினார். பாடநூலில் வருவது இந்தப் பகுதிதான். நடுநடுவே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களையும் வைத்தார். சைவர்களின் வடிவம், வைணவ வீட்டில் கேட்ட கம்பன் நடை, இங்கிலாந்துக் கதை. மூன்றும் பாளையங்கோட்டையில் சந்தித்தன.

வேதநாயகம் பிள்ளை போன வழி வேறு

இதே நேரத்தில் மாயவரத்தில் இன்னொரு கிறிஸ்தவர் எழுதிக்கொண்டிருந்தார். வேதநாயகம் பிள்ளை, கிருஷ்ணபிள்ளையைவிடச் சில மாதங்கள் மூத்தவர். முன்சீப்பாக இருந்தவர். அவர் எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது, தமிழின் முதல் நாவல். கதை சொல்ல இனி வசனம் போதும் என்று அவர் முடிவு செய்தார். கிருஷ்ணபிள்ளை எடுத்ததும் கிட்டத்தட்ட ஒரு நாவல்தான், ஆனால் அதை விருத்தத்தில் சொன்னார்.

யார் சரி? வாசகர் கூட்டம் வேதநாயகம் பிள்ளை பக்கம் போனது. இன்று அந்த நாவலை ஒரே வாரத்தில் படித்துவிடலாம். இரட்சணிய யாத்திரிகத்துக்கு உரை வேண்டும். ஆனால் வேதநாயகம் பிள்ளை பிறவிக் கத்தோலிக்கர். தான் தமிழன்தான் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முப்பது வயதில் மதம் மாறிய பண்டிதருக்கு, வேதம்தான் மாறியது, தமிழ் மாறவில்லை என்று காட்ட வேண்டிய தேவை இருந்தது. அதற்குக் காப்பியத்தைவிடப் பெரிய சான்று அன்றைக்கு எதுவும் கிடையாது.

1880-களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் சில காலம் தமிழ் கற்பித்தார். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ.சுந்தரம் பிள்ளை. லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதையை 'மனோன்மணீயம்' நாடகமாக்கி 1891-ல் வெளியிட்டவர். திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

67 வயதில் கையில் கிடைத்த புத்தகம்

தொடர் முடிந்து, 1894 மே மாதம் 'இரட்சணிய யாத்திரிகம்' முதல் பதிப்பாகப் புத்தகம் ஆனது. ஆசிரியருக்கு வயது 67. தான் கிறிஸ்தவரான வரலாற்றையும் தனியாக எழுதி வைத்தார். மற்றபடி ஓய்வு எடுத்த மாதிரித் தெரியவில்லை. 'போற்றித் திருவகவல்' ஏற்கெனவே வந்திருந்தது. 'இரட்சணிய சமய நிர்ணயம்', 1899-ல் 'இரட்சணிய மனோகரம்' என்று அடுத்தடுத்து வந்தன. மாணவர்களுக்காகப் பழைய இலக்கியங்களில் இருந்து பாடல்களைத் தொகுத்து 'காவிய தர்ம சங்கிரகம்' என்ற நூலும் செய்தார். கடைசி வரை வாத்தியார்தானே.

1900 பிப்ரவரி 3 அன்று காலமானார். கம்பனைக் கேட்டு வளர்ந்த கரையிருப்பு அக்கரையில். காப்பியம் தொடராக வந்த பாளையங்கோட்டை இக்கரையில். வண்ணார்பேட்டை வழியாகப் போகும் பஸ் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் தாண்டிப் போகிறது.