உரிமைக்காக வாதிட்ட எஸ். நடேசன்

யாழ்ப்பாணத்தின் ஆனைக்கோட்டையைச் சேர்ந்த சோமசுந்தரம் நடேசன் 1904ஆம் ஆண்டு பிறந்தார். அவர் இளைஞராயிருந்த காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எழுச்சியுடன் இயங்கிக்கொண்டிருந்தது. சாதிப் பாகுபாட்டை எதிர்த்து, பூரண சுதந்திரம் கோரி, 1931ஆம் ஆண்டின் தேர்தலைப் பகிஷ்கரிக்க வைத்த அந்த இயக்கத்திலே நடேசனும் இணைந்திருந்தார். சுதந்திரம் பற்றிய அவரது எண்ணங்கள் அங்கேயே வேரூன்றின.

சட்டம் கற்று அப்புக்காத்தானார். பின்னர் இராணி அப்புக்காத்தாகவும் உயர்ந்தார். 1947இல் உருவாகி 1971இல் ஒழிக்கப்பட்ட செனற் சபையில் எக்கட்சியையும் சாராத உறுப்பினராக நெடுங்காலம் அமர்ந்திருந்தார். கட்சிக் கட்டளைக்கு அஞ்ச வேண்டியிராததால், தாம் சரியெனக் கண்டதை அவரால் துணிந்து சொல்ல முடிந்தது.

1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுக்காகப் பேசுவது அன்று எவருக்கும் நற்பெயர் தரும் செயலன்று. அவ்வாண்டிலேயே சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. அதை ஆரம்பித்தவர்களுள் நடேசனும் ஒருவர்.

மறு ஆண்டு குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. இதன் ஆபத்தை விளங்கிக்கொள்ள ஒரு பழைய விதியை அறிதல் வேண்டும். பொலிசாரிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் விதித்திருந்தது. அடித்தும் அச்சுறுத்தியும் வாக்குமூலம் பெறுவதைத் தடுக்கும் வேலி அது. புதிய சட்டம் அவ்வேலியைப் பிடுங்கியெறிந்தது. ஆணைக்குழுவின் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் வழியில்லை. சிவில் உரிமைகள் இயக்கம் இதனை வன்மையாக எதிர்த்தது. 1977இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஆயினும் பிடுங்கிய வேலி நிலைத்து நிற்கவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. விசாரணையின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கவும் இடமளித்தது. முதலில் தெற்கின் சிங்கள இளைஞர்மீது பாய்ந்த விதி, ஏழாண்டுகளில் வடக்கின் தமிழ் இளைஞர்மீது பாய்ந்தது. பின்னாளில் எல்லாச் சமூகத்தவரும் அச்சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். பிறருக்கு வந்த அநீதியைக் கண்டு வாளாவிருப்பவரின் வீட்டுக் கதவையும் அது ஒருநாள் தட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நடேசன் பத்திரிகைகளிலும் எழுதினார். பத்திரிகையாளரைத் தானே தண்டிக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் 1978இல் எடுத்துக்கொண்டு, உடனே அதைப் பயன்படுத்தவும் செய்தது. அதைக் கண்டித்து அவர் எழுதியமைக்காக, சிறப்புரிமையை மீறியதாக அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய மூத்த சட்டத்தரணி, உயர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்றார். தம் எழுத்திலிருந்து பின்வாங்கவில்லை. 1980இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

1986 டிசெம்பரில் அவர் மறைந்தார். சட்டத்தின் மூலம் மனித உரிமைகளுக்காகப் பணியாற்றும் நிலையமொன்று கொழும்பில் அவர் பெயரில் அமைந்தது.

மாணவச் சகோதரிகளே, சட்டம் படிப்போருக்கு மட்டும் உரிய வாழ்வன்று இது. நமக்குப் பிடிக்காதவருக்கும் நீதியான விசாரணை உண்டென்று சொல்லும் துணிவே நீதியின் அடித்தளம். அத்துணிவை நடேசனின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.