வல்லத்துப் பிள்ளையும் சிதம்பரத்து இதழ்களும்

விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி எனத் தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, குற்றால மலையடிவாரத்தில் செங்கோட்டையைத் தொடுகிறது. செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ்.எஸ். பிள்ளை என்பது கணித உலகம் அறிந்த பெயர். சீனிவாச இராமானுசனுக்குப் பின் எண்ணியலில் தமிழர் பெயரை நிலைநாட்டியவர்களுள் அவர் தலையாயவர். ஆயினும் இராமானுசனைப் பாடிய கவிஞர்களின் நாவில் பிள்ளையின் பெயர் ஏறவில்லை. அவர் தம் ஆய்வுகளை எங்கே அச்சேற்றினார் என்று பார்த்தால் இதற்கான காரணம் ஓரளவு விளங்கும்.

பிறந்து ஓராண்டளவில் தாய் கோமதி அம்மாளை இழந்தார். உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். அந்நிலையில் படிப்பு நின்றுபோகாமல் காத்தவர் ஓர் ஆசிரியர். சாஸ்திரியார் என்று மட்டுமே அறியப்படும் அப்பெருமகன் தம் கைப்பொருளைத் தந்து மாணவரைக் கரையேற்றினார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரி எனத் தொடர்ந்த கல்வி, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகும் வாய்ப்பைத் தந்தது. ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களின் வழிகாட்டல் அங்கே கிட்டிற்று. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, பிள்ளை அதன் விரிவுரையாளர்களுள் ஒருவரானார்.

புதிய பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் அ. நரசிங்கராவ். வடிவியலில் வல்லவரான அவரை இதழாசிரியராகவும் நினைவுகூர வேண்டும். துணை ஆட்சியராகப் பணிபுரிந்த வி. இராமசுவாமி ஐயர் 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகம் ஓர் ஆய்விதழை நடத்தி வந்தது. இராமானுசனின் முதற்கட்டுரையை 1911இல் வெளியிட்ட பெருமை அவ்விதழுக்குரியது. காலப்போக்கில் அது முதிர்ந்த ஆய்வுகளுக்கே உரியதாகிவர, கல்லூரி மாணவரும் ஆசிரியரும் எழுப்பும் வினாக்களுக்கும் வகுப்பறைக் குறிப்புகளுக்கும் இடம் குறைந்தது. அவற்றிற்கெனவே 1933இல் ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்னும் இரண்டாம் இதழைக் கழகம் தொடங்கியது. கணித மாணவன் எனப் பொருள்படும் அவ்விதழுக்கு முதல் ஆசிரியர் நரசிங்கராவ். அச்சிட்ட வினாவுக்கு எங்கோ ஓர் ஊரிலிருந்து விடை வரும் என்று காத்திருக்கும் இதழ், ஈற்றடி கொடுத்து வெண்பாவுக்குக் காத்திருக்கும் இதழுக்கு நெருங்கிய உறவு. இராமானுசன் வளர்ந்ததும் அத்தகைய வினா-விடைப் பக்கங்களில்தான்.

இதனோடு, பல துறைக் கட்டுரைகளையும் தாங்கிய ஆய்விதழ் ஒன்றைப் பல்கலைக்கழகமும் நடத்தியது. பிள்ளை தம் வாழ்நாளின் பெருஞ்செயலை அச்சேற்றியது அந்த இதழில்தான்.

அப்பெருஞ்செயலைச் சிறிது விளக்க வேண்டும். 1770இல் எட்வர்ட் வேரிங் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம். கனங்களானால் ஒன்பது போதும். நான்காம் அடுக்கானால் பத்தொன்பது போதும். அடுத்தடுத்த அடுக்குகளுக்கும் இவ்வாறு ஓர் எல்லை உண்டு என்றார். 23 என்னும் எண்ணைக் கனங்களால் ஆக்க முயன்றால் இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் தேவைப்படும், ஆக ஒன்பது. எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் அது எத்தனை என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது. ஏழாம் அடுக்கு முதலாக மேலுள்ளவற்றுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, பொது விடையைப் பிள்ளை கண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழின் 1936ஆம் ஆண்டுத் தொகுதியில் அது வெளிவந்தது.

அதே ஆண்டில் சிகாகோவில் லியோனார்ட் டிக்சன் அதே விடையைத் தனியே கண்டு வெளியிட்டார். டிக்சனின் கட்டுரை தாங்கிய இதழ் உலகின் பெரிய நூலகங்களுக்கெல்லாம் சென்றது. சிதம்பரத்து இதழ் அத்தனை தொலைவு எட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் செய்த ஆய்வு எனினும், புகழ் நெடுங்காலம் டிக்சன் பக்கமே சாய்ந்திருந்தது. சிற்றிதழில் எழுதிய கவிஞருக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை அயல்நாட்டு இதழை நாடியிருக்கலாமே என்று சொல்வது எளிது. அவர் எழுதிய எழுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை இந்திய இதழ்களிலேயே வந்தவை. சிறந்தவற்றையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் உள்ளூர் இதழுக்கு ஈவது என்றிருந்தால் அவ்விதழ்கள் எதைக்கொண்டு நிமிர்ந்திருக்கும்? அவர் கருத்து யாதாயினும், அவர் கொடுத்தது முதற்படியாகும் விளைச்சலை, பதரை அன்று. அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இதழ்க் கட்டுரைகளை எண்ணியே ஆசிரியரை அளக்கத் தொடங்கியதைப் பார்க்கும்போது, இந்த விலை சிறிதன்று எனத் தோன்றும்.

எட்டாது நின்ற ஆறாம் அடுக்கையும் 1940இல் அவர் வென்றார். விடை 73. இது பிள்ளைக்கே உரிய வெற்றி. 703 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டால், பத்து அறுபத்துநான்குகளும் அறுபத்துமூன்று ஒன்றுகளும் இன்றி அது நிறையாது. எந்த எண்ணுக்கும் அதற்குமேல் வேண்டியதில்லை என்று காட்டுவதே அருஞ்செயல். அடுத்தடுத்து வரும் பதினாறு எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்றப் பதினைந்தோடும் பொதுக் காரணி ஏதுமில்லாத எண் ஒன்று அவற்றுள் இருக்கும் என்பதும் அவர் கண்டதே. பதினேழாக்கினால் அவ்வுறுதி குலையும்: 2184 முதல் 2200 வரையுள்ள எண்களுள் அத்தகைய எண் இல்லை. தொடக்கப் பள்ளிக் கணக்கறிவு உள்ளவரும் இதைச் சரிபார்த்து வியக்கலாம்.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். 1950இல் பிரின்சுடன் உயர்கல்வி நிறுவனம் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் கூடவிருந்தது. ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோவில் தங்கி மீண்டும் எழுந்த விமானம் தீப்பற்றி எகிப்திய மண்ணில் வீழ்ந்தது. பயணம் செய்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

வேரிங்கின் வினாவில் நான்காம் அடுக்கே இறுதியாகத் தீர்ந்தது. பத்தொன்பது என்னும் விடையை 1986இல் இரு பிரெஞ்சு அறிஞருடன் சேர்ந்து நிறுவியவர் சென்னையைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன். அவரும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்த பிள்ளையின் ஆய்வுத் தொகுப்பு 2010இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பல்வேறு இதழ்களில் சிதறிக்கிடந்த கட்டுரைகள், சிதம்பரத்து இதழில் உறங்கியவை உட்பட, ஓரிடத்தில் சேர்ந்தன. நரசிங்கராவ் தொடங்கி வைத்த மாணவர் இதழ் இன்றும் வினாக்களோடு வெளிவருகிறது.