மக்களாட்சி என்னும் மருந்து

உயிரியல் பாடத்தில் உயிரணுக் கோட்பாட்டைப் படிக்கும் மாணவர் எவரும் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் பெயரை அறிந்திருப்பர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என்னும் கருத்தை நிலைநாட்டியவர் என்று ஒரே வரியில் அவரைப் பற்றிக் கூறிவிட்டு, நூல் அடுத்த செய்திக்குச் சென்றுவிடும். அந்த ஒரு வரிக்குள் அடங்காதது அவருடைய வாழ்க்கை. நகரத்துச் சாக்கடையைப் பற்றியும், சந்தையில் விற்கும் இறைச்சியைப் பற்றியும், ஏழைகளின் வரிச்சுமையைப் பற்றியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மன்றங்களில் வாதாடிய மருத்துவர் அவர்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் பொமரேனியாப் பகுதியில் ஷிவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் சிறு உழவர். ஊராட்சியின் கருவூலக் கணக்கையும் பார்த்து வந்தார். பொருள் வளம் இல்லாத குடும்பம். படைமருத்துவராகப் பணியாற்ற இசைவோர்க்குக் கட்டணமின்றிக் கல்வி தந்த பெர்லின் கல்விநிலையத்தில் சேர்ந்து, 1843இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அந்நகரின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் பணியில் அமர்ந்தார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகும் நோயை ஆராய்ந்து, இன்றும் வழங்கும் லுக்கேமியா என்னும் பெயரை அதற்குச் சூட்டியபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே இருந்திருந்தாலும் அவர் புகழ் பெற்றிருப்பார்.

மூன்று வாரப் பயணம்

1847, 1848 ஆண்டுகளில் பிரஷ்யாவின் தென்கிழக்கு எல்லையில் இருந்த மேல் சைலீசியாவில் டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. முன்னரே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வாட்டிய பகுதி அது. செய்தித்தாள்களில் கண்டனம் எழுந்த பின்னரே அரசு விழித்துக்கொண்டது. நிலைமையை ஆராய்ந்து வருமாறு அரசு அனுப்பியவர்களுள் விர்ச்சோவும் ஒருவர். 1848 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் பெர்லினை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

ஏறத்தாழ மூன்று வாரம் அவர் ரிப்னிக், பிளெஸ் ஆகிய வட்டாரங்களில் குடிசை குடிசையாக நுழைந்து பார்த்தார். மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய ஒற்றை அறை வீடுகள், களிமண் தரை, மனிதரும் கால்நடையும் ஒரே கூரையின்கீழ். உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கிழங்கும் கிட்டவில்லை. நிலங்கள் பெருநிலக்கிழார்களுக்கு உரியவை. அவர்களுள் பலர் தொலைநகரங்களில் இருந்துகொண்டு குத்தகையும் வருவாயும் பெற்று வாழ்ந்தனர். மக்கள் பேசியது போலந்து மொழி. அதிகாரிகளும் ஆசிரியர்களும் அறிந்தது ஜெர்மன் மொழி. தம் துன்பத்தை எடுத்துரைக்கவும் மொழியற்றிருந்தனர் அம்மக்கள். அவர்களுடைய அழுக்கையும் சோம்பலையும் கண்டு விர்ச்சோ கடிந்தும் எழுதியுள்ளார். அவ்வரிகளில் பெர்லின்காரரின் ஏளனம் சற்றே தொனிக்கத்தான் செய்கிறது. எனினும் அந்நிலைக்குக் காரணம் மக்களின் பிறவி இயல்பன்று, தலைமுறை தலைமுறையாக அவர்கள் அடக்கப்பட்டு வந்தமையே என்று அவர் முடிவு செய்தார்.

பெர்லின் திரும்பியதும் நெடியதோர் அறிக்கையை எழுதினார். நோயின் குறிகளையும் பிணக்கூறாய்வின் முடிவுகளையும் மருத்துவருக்கு உரிய முறையில் விரிவாகத் தந்தார். அரசு எதிர்பார்த்தது அதுவரைதான். ஆனால் தீர்வு கூறவேண்டிய இடத்தில் மருந்துகளின் பட்டியல் இல்லை. முழுமையான மக்களாட்சி வேண்டும். ஆண், பெண் இருபாலர்க்கும் கல்வி வேண்டும். போலந்து மொழிக்கு ஆட்சியில் இடம் வேண்டும். சமய நிறுவனத்தையும் அரசையும் பிரிக்க வேண்டும். வரிச்சுமையை ஏழைகளிடமிருந்து செல்வர்க்கு மாற்ற வேண்டும். சாலைகள் அமைத்து வேளாண்மையைச் சீர்செய்ய வேண்டும் என்று அவர் எழுதினார். நோய்க்கு ஊற்று அரசின் புறக்கணிப்பே என்பது அதன் பொருள். அரசின் ஊதியத்தில் வாழ்ந்த ஓர் இளைஞர், அரசு அனுப்பிய பணியிலேயே அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் தங்கும் உடற்பேன் என்பது 1909இல்தான் கண்டறியப்பட்டது. விர்ச்சோவுக்கு அது தெரியாது. ஈரக் காற்றும் அழுகற் பொருள்களும் நோயை விளைவிக்கலாம் என்றே அவர் எண்ணினார். நோயைச் சுமந்து வந்த சிற்றுயிரை அறியாதபோதும், அவ்வுயிர் பெருகும் நெருக்கடியும் வறுமையும் எங்கிருந்து வந்தன என்பதை அவர் அறிந்திருந்தார்.

அறிக்கையின் ஈரம் உலரும் முன்னரே பெர்லினில் புரட்சி வெடித்தது. 1848 மார்ச் 18ஆம் நாள் தெருக்களில் தடுப்பரண் எழுப்பியவர்களுள் விர்ச்சோவும் இருந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் லாய்புஷர் என்னும் நண்பருடன் சேர்ந்து மருத்துவச் சீர்திருத்தம் என்னும் பெயரில் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். வறியவர் மருத்துவம் பெறுவது பிறர் இரக்கத்தால் அன்று, உரிமையால். அவர்களுக்காக வாதாடுவது மருத்துவர் கடமை என்பதே அவ்விதழின் நெறி. ஓராண்டுகூட அது முழுமையாக நடைபெறவில்லை. புரட்சி ஒடுங்கியதும் 1849இல் அவருடைய பதவிக்கு இடர் வந்தது. வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார். அங்கு ஏழாண்டுகள் அரசியலில் ஒதுங்கி, ஆய்விலே ஆழ்ந்தார். 1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்தது. தமக்கெனத் தனி ஆய்வு நிலையம் கட்டித்தர வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரிலேயே அவர் வந்தார். 1858இல் உயிரணு நோயியல் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. உடலை ஒரு நாடாகவும், உயிரணு ஒவ்வொன்றையும் அந்நாட்டுக் குடிமகனாகவும் அவர் உவமித்தார்.

நகரத்தின் அடியில்

1859இல் விர்ச்சோ பெர்லின் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இறக்கும்வரை அவ்விருக்கையில் தொடர்ந்தார். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவருக்கு நகர மன்ற உறுப்பினர் பதவி சிறியதாகத் தோன்றலாம். அவர் அவ்வாறு கருதவில்லை. மேல் சைலீசியாவில் கேட்டுக் கிடைக்காததை, தம் நகரத்திலேனும் செய்து காட்ட அது வாய்த்த இடம்.

தொழிற்சாலைகளை நாடி வந்த மக்களால் பெர்லின் நாள்தோறும் பெருகியது. 1871இல் எட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1900இல் பத்தொன்பது இலட்சத்தை நெருங்கியது. ஆனால் கழிவுநீரோ தெருவோரத் திறந்த வாய்க்கால்களில் தேங்கி நாறியது. இறுதியில் ஸ்ப்ரே ஆற்றில் கலந்தது. கிணற்று நீரும் கெட்டது. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் மீண்டும் மீண்டும் வந்தன. கழிவை வண்டிகளில் அள்ளிச் சென்று வயலுக்கு உரமாக்கலாம் என்றது ஒரு தரப்பு. குழாய்வழி ஆற்றிலே விட்டுவிடலாம் என்றது மற்றொரு தரப்பு. வீட்டு உரிமையாளர்கள் பலர் செலவுக்கு அஞ்சினர்.

நகரம் அமைத்த ஆய்வுக் குழுவில் விர்ச்சோ பல்லாண்டுகள் உழைத்தார். மண்ணையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் இறப்புக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பொறியாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த பாதாளச் சாக்கடைத் திட்டத்திற்குத் துணைநின்றார். நகரத்தைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கழிவுநீரையும் தாழ்ந்த ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து எந்திரங்களால் இறைத்து, நகருக்கு வெளியே இருந்த பண்ணைகளின் மணலில் பாய்ச்சுவது அத்திட்டம். மணல் நீரை வடிகட்டியது; வயலில் காய்கறி விளைந்தது; ஆறும் ஓரளவு தப்பியது. 1873இல் பணி தொடங்கியது. செல்வர் வாழும் தெருக்களோடு நின்றுவிடாமல், தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அக்குழாய்கள் சென்றன என்பதே இதில் குறிப்பிடத்தக்கது.

நகரம் நடத்தும் பொது மருத்துவமனைகள் எழவும் அவர் பாடுபட்டார். அவற்றுள் முதலாவதான ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் மருத்துவமனை 1874இல் திறக்கப்பெற்றது. பன்றியிறைச்சியில் வாழும் டிரிகினெல்லா என்னும் புழுவால் மக்கள் மாண்டதைக் கண்டு, இறைச்சியை நுண்ணோக்கியில் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என்றார். இறைச்சி வணிகர் எதிர்த்தனர். அவர் தளரவில்லை.

பிரஷ்ய நாடாளுமன்றத்திலும் அவர் உறுப்பினராக இருந்து, தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கை ஓயாது எதிர்த்தார். 1865இல் கடற்படை பற்றிய வாதத்தின்போது சினமுற்ற பிஸ்மார்க் அவரை வாட்போருக்கோ துப்பாக்கிப் போருக்கோ ஒப்பான இருவர் சண்டைக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். ஆயுதமாகப் புழு மிகுந்த இறைச்சித் துண்டை அவர் தேர்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான், சான்று இல்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. மகப்பேற்று அறையில் மருத்துவர் கை கழுவினால் தாய்மார் உயிர் பிழைப்பர் என்ற செம்மல்வைஸின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டியபோதும் தயங்கியே நின்றார். கிருமி ஒன்றையே நோய்க்குக் காரணமாக்கினால், வறுமையை எல்லாரும் மறந்துவிடுவர் என்னும் அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். அதற்காக அந்தத் தவற்றைச் சரி என்று கூறிவிட முடியாது. செம்மல்வைஸின் சொல்லைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய தாய்மார்களுள் பெரும்பாலோர், அவர் யாருக்காகப் போராடினாரோ அந்த ஏழைகளே.

எண்பது வயதைக் கடந்த பின்னும் பணியைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1902 ஜனவரித் திங்களில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்கியபோது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பின்னர் அவர் முழுமையாக நலம்பெறவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் காலமானார். செப்டம்பர் 9ஆம் நாள், பெர்லின் நகர மன்றக் கட்டடத்தின் பேரவை மண்டபத்தில் அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர்.