ஒரே ஃப்ரேமில் ரெண்டு ஹீரோ: 1940-லேயே அசத்திய புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா யார்?

டபுள் ஆக்‌ஷன்னு சொன்னதும் நமக்கு சிவாஜியும் எம்.ஜி.ஆரும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேட ஹீரோ, புதுக்கோட்டைக்காரர் பி.யு.சின்னப்பா. பெயரில் உள்ள 'பி' ஊர். 'யு' அப்பா உலகநாத பிள்ளை, அவரும் நாடக நடிகர்.

1916-ல் பிறந்த சின்னப்பா, சின்ன வயசிலேயே படிப்பை விட்டுட்டு மேடை ஏறினார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் வேஷம். சின்னப் பையனா எம்.ஜி.ஆர் இருந்ததும் இதே கம்பெனிதான்.

குரல் போச்சு, வேஷமும் போச்சு

பாய்ஸ் கம்பெனி பசங்க எல்லாருக்கும் இருந்த ஒரே பயம் மகரக்கட்டு. குரல் உடைஞ்சா பாட முடியாது. பாட முடியலைன்னா வேஷமே கிடையாது. சின்னப்பாவுக்கும் அதுதான் நடந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கர்நாடக சங்கீதம், சிலம்பம், உடற்பயிற்சி என்று தன்னையே புதுசா தயார் பண்ணிக்கிட்டார். 1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்த சில படங்கள் ஓடவில்லை, மறுபடியும் வாய்ப்பு இல்லை.

சேலத்தில் கிடைத்த திருப்பம்

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1940-ல் 'உத்தமபுத்திரன்' எடுத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய படம். நல்லவன், கெட்டவன் என ரெட்டைச் சகோதரர்கள். இரண்டுமே சின்னப்பா!

அப்போ கம்ப்யூட்டர் ஏது? லென்ஸில் பாதியை மறைத்து ஒரு வேஷத்தை எடுத்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, மறுபாதியில் அடுத்த வேஷத்தை எடுப்பதுதான் அந்தக் காலத்து உத்தி. எதிரே ஆள் இருக்காது. வெறும் இடத்தைப் பார்த்தே கோபப்படணும், பேசணும். நாடகத்துல பழகின உடம்புக்குத்தான் அது வரும்.

பிறகு ஏறுமுகம்தான். 'ஆர்யமாலா', 'கண்ணகி'யில் கோவலன், 'ஜகதலப்பிரதாபன்'. கடைசியாகச் சொன்னதில் ஒரு பாட்டுக்கு அவரே பாடுவார், பக்கவாத்தியமும் அவரே வாசிப்பார். யூடியூபில் தேடிப் பாருங்க. 1949-ல் 'மங்கையர்க்கரசி'யில் மூணு வேஷம்.

எம்.கே.தியாகராஜ பாகவதர் ரசிகர்களுக்கும் சின்னப்பா ரசிகர்களுக்கும் அன்றைக்கு நடந்தது கிட்டத்தட்ட இன்றைய தல - தளபதி சண்டைதான். பாட்டில் பாகவதர் ஒரு படி மேல் என்றால், கத்திச்சண்டையும் நடிப்பும் சின்னப்பாவின் பக்கம்.

சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை உண்டு.

1951 செப்டம்பர் 23-ம் தேதி, அதே புதுக்கோட்டையில் இறந்தார். வயசு 35 தான். அவர் நடித்த 'சுதர்சன்' அதற்குப் பிறகே தியேட்டருக்கு வந்தது.